தரவு கேட்டு வருகிறவர் அவர்தானா? சரிபார்க்க ஆறு வழிகள், ஒவ்வொன்றின் மறைமுகச் செலவு

"என்னைப் பற்றி உங்களிடம் இருக்கிற எல்லா விவரத்தையும் அனுப்புங்கள்" என்று ஒரு மெயில் வருகிறது. பெயர் உங்கள் வாடிக்கையாளர் பட்டியலில் இருக்கிற பெயர்தான், ஆனால் மெயில் முகவரி நீங்கள் பதிந்து வைத்திருப்பது இல்லை. அனுப்பினால் ஒருவருடைய வீட்டு முகவரி, போன் நம்பர், பில், மருத்துவ விவரம் எல்லாம் யாரோ ஒருவர் கைக்குப் போய்விடலாம். அனுப்பாமல் இழுத்தடித்தால், கேட்டவர் உண்மையான ஆளாக இருந்து புகார் கொடுக்கலாம். கிளினிக் வைத்திருப்பவர்கள், ஆன்லைனில் கடை போட்டவர்கள், வெளிநாட்டுக்கு மென்பொருள் விற்கிறவர்கள் என்று பலரும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். ஆதார் ஜெராக்ஸ் கேட்டு வாங்கிவிடலாமா, ஓடிபி போதுமா, நேரில் வரச் சொல்லலாமா?

இதுவரை இது வெளிநாட்டு வாடிக்கையாளர் இருப்பவர்களின் தலைவலியாக மட்டும் இருந்தது. ஐரோப்பாவில் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது, கோரிக்கை வந்தால் ஒரு மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். கலிஃபோர்னியாவில் 45 நாள். இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின, தரவு கேட்கும் உரிமை பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் அமலுக்கு வருகிறது. எந்த வழியில் கோரிக்கை வைக்கலாம், ஆளை அடையாளம் காண எந்த விவரம் வேண்டும் என்பதை நிறுவனம் முன்கூட்டியே வெளியிட வேண்டும் என்கின்றன விதிகள். ஆகவே கோரிக்கை வந்த பிறகு யோசிக்கலாம் என்று தள்ளிப்போட முடியாது.

பயம் வெறும் கற்பனையும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஜேம்ஸ் பேவர், தன் வருங்கால மனைவியின் சம்மதத்தோடு, அவர் பெயரில் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு ஜிடிபிஆர் கோரிக்கை அனுப்பிப் பார்த்து, 2019இல் லாஸ் வேகாஸில் நடந்த பிளாக் ஹாட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் முடிவைச் சொன்னார். அந்தப் பெண்ணின் தரவை வைத்திருந்த நிறுவனங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, சரியான சரிபார்ப்பு எதுவும் இல்லாமலே தகவலைக் கொடுத்துவிட்டன. தனியுரிமையைக் காக்க வந்த சட்டத்தையே திருடுவதற்குச் சாவியாக்கிக் காட்டினார் மனுஷன்.

## எதை வைத்து அளப்பது

வழிகளைப் பார்க்கும் முன் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் "எது ரொம்ப ஸ்ட்ராங்" என்ற ஒரே கேள்வியில் பேச்சு முடிந்துவிடும்.

தவறான ஆள் நுழைவது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் "ஹேக்கர்" என்று ஒருவரைக் கற்பனை செய்துகொண்டு கணக்குப் போடாதீர்கள். ஒருவருடைய தரவு மேல் ஆசைப்படுகிறவர் பெரும்பாலும் அவருக்குத் தெரிந்தவராகவே இருப்பார்: பிரிந்துபோன கணவன் அல்லது மனைவி, சொத்துத் தகராறில் இருக்கும் சகோதரர், மகளை வேவு பார்க்கும் அப்பா, முன்னாள் முதலாளி. இவர்களுக்குப் பிறந்த தேதி தெரியும், பழைய முகவரி தெரியும், சில சமயம் ஆதார் அட்டையே பீரோவில் இருக்கும்.

சரியான ஆள் வெளியே நிற்பது. பழைய நம்பரைத் தொலைத்தவர், பெயர் எழுத்து மாறியவர், ஸ்கேன் எடுத்து அனுப்பத் தெரியாதவர் எல்லோருக்கும் சட்டப்படி உரிமை இருக்கிறது. கடுமையாக்க ஆக்க இவர்கள்தான் முதலில் கழன்றுவிடுவார்கள், திருடன் இல்லை.

புதிதாக எவ்வளவு தகவல் உங்களிடம் சேருகிறது. ஒருவருடைய தரவைக் காட்டுவதற்காக அதைவிட ஆபத்தான தரவை அவரிடமே வாங்கி வைத்துக்கொள்கிற அபத்தம் இந்த வேலையில் தினமும் நடக்கிறது.

நேரம், பணம், ஆள். மென்பொருள் கட்டுவதற்கு ஆகும் செலவு கண்ணுக்குத் தெரியும். வரவேற்பறையில் இருக்கும் பெண் இதற்காகச் செலவழிக்கும் அரை மணி நேரம் கணக்கில் வராது.

இவை நான்குக்கும் மேலே ஒன்று இருக்கிறது: தவறிப் போனால் என்ன கெடும்? செய்திமடலுக்குக் கொடுத்த மெயில் முகவரியும் மகப்பேறு மருத்துவமனைக் கோப்பும் ஒன்றா? இரண்டுக்கும் ஒரே படிவம், ஒரே ஆதார் நகல் என்று வைத்திருப்பவர்கள் ஒன்றுக்கு அதிகமாகவும் இன்னொன்றுக்குக் குறைவாகவும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

## 1. ஏற்கனவே இருக்கும் லாகின் வழியாக

வாடிக்கையாளருக்கு உங்கள் தளத்தில் கணக்கு இருக்கிறதா? அப்படியானால் அவரை உள்ளே வந்து ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். கூகுள் 2011 முதல் டேக்அவுட் என்ற பெயரில் செய்வது இதைத்தான். புதிதாக ஒரு தகவலும் வாங்க வேண்டாம். கேட்பவர் யார் என்பதைவிட, இந்தக் கணக்கு அவருடையதா என்பதுதான் நமக்கு வேண்டிய விடை, அதை லாகின் நேராகவே கொடுத்துவிடுகிறது. ஜிடிபிஆரும் கலிஃபோர்னிய விதிகளும் இதை ஏற்கின்றன.

மறைமுகச் செலவு எங்கே என்றால், திறந்தே கிடக்கும் கணக்கில். வீட்டில் ஒரு லேப்டாப், எல்லோரும் அதில்தான், எப்போதோ செய்த லாகின் அப்படியே இருக்கும். அந்த நிலையில் பத்து வருடத் தகவலை ஒரே கோப்பாக இறக்கிக் கொடுக்கும் பொத்தான் வெடிகுண்டு மாதிரி. எனவே பொத்தானை அழுத்தியதும் பாஸ்வேர்டை இன்னொரு முறை கேளுங்கள், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இருந்தால் அதையும் கேளுங்கள். கோப்பை உடனே கொடுக்காமல், "உங்கள் கணக்கிலிருந்து தரவு கேட்கப்பட்டுள்ளது" என்று மெயிலும் எஸ்எம்எஸ்ஸும் அனுப்பிவிட்டு ஓரிரு நாள் கழித்துக் கொடுப்பது இன்னும் நல்லது. சமீபத்தில் பாஸ்வேர்டோ மெயிலோ மாற்றப்பட்ட கணக்கு என்றால் கட்டாயம் காக்க வையுங்கள்.

எப்போது இது பொருந்தும்: ஆன்லைன் கடை, ஆப், சந்தா சேவை. எப்போது பொருந்தாது: லாகினே இல்லாத இடங்களில். இதற்காகவே ஒரு கணக்குத் திறக்கச் சொல்வதும் தப்பு, கலிஃபோர்னிய விதிகள் அதை வெளிப்படையாகத் தடுக்கின்றன.

## 2. பதிவில் இருக்கும் நம்பருக்கோ மெயிலுக்கோ ஓடிபி

லாகின் இல்லை, ஆனால் போன் நம்பர் இருக்கிறது. நம் ஊர்த் தொழில்களில் முக்கால்வாசி இந்த ரகம்தான். செலவு குறைவு, வேகம் அதிகம், புதிதாகத் தகவல் சேராது.

இதில் ஒரு சின்ன விஷயத்தில் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கோரிக்கை பதிவு செய்த மெயிலிலிருந்தே வந்திருக்கிறது, எனவே அவர்தான் என்று "ரிப்ளை" அழுத்திப் பதில் போட்டுவிடுகிறார்கள். அனுப்புநர் முகவரியைப் பொய்யாகப் போட முடியும், பதில் வேறு முகவரிக்குப் போகும்படியும் அமைக்க முடியும். ஆகவே வந்த மெயிலுக்குப் பதில் போடாமல், உங்கள் பதிவேட்டிலிருந்து முகவரியை எடுத்துப் புது மெயிலாக உறுதிப்படுத்தும் இணைப்பை அனுப்புங்கள். போனும் அப்படித்தான், அவர் சொல்லும் நம்பருக்கு அனுப்பினால் அது சரிபார்ப்பே கிடையாது.

அடுத்தது, அந்த நம்பர் இன்னும் அவருடையதா? இந்தியாவில் துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். ஐந்து வருடம் முன்பு உங்கள் கடையில் கொடுத்த நம்பர் இன்று யார் பையில் இருக்கிறதோ. சிம் மாற்றி மோசடி செய்கிற கும்பல்களைப் பற்றி எல்லோரும் படித்திருப்போம், ஆனால் நான் அதிகம் பார்ப்பது வேறு: நம்பர் ஆரம்பத்திலிருந்தே அவருடையது இல்லை. அம்மாவுக்கு மகனின் நம்பர். வாட்ஸ்அப் தெரியாத பெரியவருக்கு மருமகளின் நம்பர். நெட் சென்டரில் விண்ணப்பம் போட்டவருக்குக் கடைக்காரரின் மெயில் முகவரி, அதே முகவரியில் அந்தத் தெருவே இருக்கும். உங்கள் பதிவேட்டில் ஒரே மொபைல் எண் எத்தனை பேருக்கு வருகிறது என்று இன்றைக்கே ஒரு முறை வடிகட்டிப் பாருங்கள். திரும்பத் திரும்ப வருகிற எண்களுக்கு ஓடிபி மட்டும் போதாது.

எப்போது பொருந்தும்: தகவல் சாதாரணமானது, நம்பர் கடைசி ஓராண்டுக்குள் எதற்காவது பயன்பட்டது. எப்போது பொருந்தாது: மருத்துவம், சம்பளம், குடும்பத் தகராறு வாசம் வருகிற எதுவும்.

## 3. தெரிந்த விவரத்தைக் கேட்டுச் சரிபார்ப்பது

"பிறந்த தேதி சொல்லுங்க சார்." கஸ்டமர் கேரில் நாம் எல்லோரும் கேட்ட குரல். இதற்கு ஜெர்மனியில் ஒரு வழக்கு இருக்கிறது, இந்த வேலையில் இருப்பவர்கள் மறக்கக்கூடாத வழக்கு. 1&1 என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கால் சென்டரில் பெயரும் பிறந்த தேதியும் சொன்னால் போதும், வாடிக்கையாளர் விவரம் கிடைத்துவிடும். ஒருவருடைய முன்னாள் துணை அப்படியே போன் செய்து அவருடைய புது நம்பரை வாங்கி, அதற்குத் தொல்லை கொடுக்க ஆரம்பித்துவிட்டார். 2019 டிசம்பரில் தரவுப் பாதுகாப்பு ஆணையர் 95.5 லட்சம் யூரோ அபராதம் போட்டார். அடுத்த ஆண்டு பான் நகர நீதிமன்றம் அதை 9 லட்சமாகக் குறைத்தது, ஆனால் தவறு தவறுதான் என்றது.

சிங்கப்பூரில் 2024 டிசம்பரில் இன்னொரு விதமாக இதே பாடம். நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசின் பிஸ்ஃபைல் தளத்தில் பெயரைத் தேடினால் முழு அடையாள எண்ணும் தெரிந்தது, ஊரே கொந்தளித்தது. அதன் பிறகு, அடையாள எண்ணை பாஸ்வேர்டு மாதிரிப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள் என்று அதிகாரிகள் தனியார் நிறுவனங்களுக்குச் சொன்னார்கள். நம் ஊருக்கும் அது அப்படியே பொருந்தும். ஆதார் எண் லாட்ஜ் பதிவேடு முதல் சிம் கடை வரை எத்தனை இடத்தில் கிடக்கிறது! அதைச் சொல்லத் தெரிந்தவர் அதன் சொந்தக்காரர் என்று எப்படி நம்புவது?

ஆனால் இந்த வழியை முழுசாகத் தள்ளிவிட வேண்டாம். கேள்வியை மாற்றினால் வேலை செய்யும். ஆளைப் பற்றிக் கேட்காமல், அவருக்கும் உங்களுக்கும் நடந்ததைக் கேளுங்கள்: கடைசியாக வாங்கிய பொருள் எது, பில் தொகை ஏறக்குறைய எவ்வளவு, எந்தக் கிளையில், எந்த மாதம் சேவைக்கு ஆள் வந்தார். கலிஃபோர்னிய விதிகளில் இதற்கு ஒரு படிக்கட்டு உண்டு. எந்த வகைத் தகவல் இருக்கிறது என்று மட்டும் சொல்ல, இரண்டு விவரம் பொருந்தினால் போதும். தகவலையே கொடுக்க வேண்டுமானால் மூன்று விவரம் பொருந்த வேண்டும், "நான்தான் அவர், பொய் என்றால் தண்டனைக்கு உட்படுகிறேன்" என்று கையெழுத்திட்ட உறுதிமொழியும் வேண்டும். இந்தப் படிக்கட்டை எங்கிருந்தாலும் கடன் வாங்கலாம்.

மறைமுகச் செலவு போனை எடுக்கும் ஊழியர். "வடபழனி கிளையா... இல்ல வேற எங்கயாவது எடுத்தீங்களா?" என்று பதிலையே எடுத்துக் கொடுக்கும் இரக்கமான ஊழியர் எல்லா அலுவலகத்திலும் உண்டு. அதோடு, ஒரே வீட்டில் இருப்பவருக்கு பில்லும் தெரியும். கணவன் மனைவிக்கு நடுவே இந்த வழி பயன்படாது.

## 4. அடையாள அட்டை நகல்

பலருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். என் கருத்தில் கடைசியாகத் தொட வேண்டியதும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், நகலை எதோடு ஒப்பிடப் போகிறீர்கள்? உங்களிடம் அவர் புகைப்படம் இல்லை, ஆதார் எண் இல்லை, அப்பா பெயர் இல்லை. இருப்பது ஒரு பெயர், ஒரு மெயில், ஒரு போன். வருகிற நகலில் பெயர் பொருந்துகிறது, சரி. அந்தப் பெயரில் இந்த ஊரில் எத்தனை பேர்? கார்டு உண்மையானது என்றே வைத்துக்கொண்டாலும், அந்தக் கார்டுக்காரர்தான் உங்கள் வாடிக்கையாளர் என்பது அதிலிருந்து தெரியாது. உண்மையானதா என்பதும் ஒரு ஜேபெக் படத்தை வைத்துச் சொல்ல முடியாது, போனிலேயே எழுத்தை மாற்றிவிடுகிறார்கள்.

அடுத்து, பெயர். தமிழ்ப் பெயர்களுக்கு இந்த வழி தனி அநியாயம் செய்கிறது. ஆதாரில் "முருகன் எஸ்", பான் கார்டில் "சுப்பையா முருகன்", பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி, உங்கள் பில்லில் "எஸ். முருகன்". கல்யாணத்துக்குப் பிறகு அப்பா இனிஷியலிலிருந்து கணவர் இனிஷியலுக்கு மாறிய பெண்களுக்கு ஒவ்வொரு அட்டையிலும் ஒவ்வொரு எழுத்து. வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு முதல் பெயர், கடைசிப் பெயர் என்று பொருத்திப் பார்க்கும் ஊழியர் இதையெல்லாம் "பொருந்தவில்லை" என்று திருப்பி அனுப்புவார். திருடனின் போலி நகலில் பெயர் கச்சிதமாகப் பொருந்தும்.

பிறகு, வாங்கியது எங்கே போகிறது? ரிசப்ஷன் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். "ஆதார் ஃபிரண்ட்", "ஆதார் ஃபிரண்ட் 2", "ஆதார் பேக் ஃபைனல்" என்று வரிசையாக நிற்கும், யாருடையது என்று அங்கிருப்பவர்களுக்கே தெரியாது. அதே படம் கடை வாட்ஸ்அப்பிலும், அது திறந்திருக்கும் மூன்று போன்களின் கேலரியிலும் இருக்கும். பெரிய இடங்களுக்கும் விதிவிலக்கு இல்லை: 2025 அக்டோபரில் டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலி, தன் வாடிக்கையாளர் சேவையைக் கவனித்த வெளி நிறுவனம் வழியாக ஏறக்குறைய 70,000 பேரின் அரசு அடையாள அட்டைப் படங்கள் வெளியாகியிருக்கலாம் என்று அறிவித்தது. வயதை நிரூபிப்பதற்காக அனுப்பிய படங்கள் அவை.

சட்டமும் இந்த வழியை விரும்புவதில்லை. ஜிடிபிஆரில், நியாயமான சந்தேகம் இருந்தால்தான் கூடுதல் விவரம் கேட்கலாம். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியம் 2023இல் இறுதி செய்த வழிகாட்டுதல், அட்டை நகல் கேட்பது பொதுவாகப் பொருத்தமான வழி ஆகாது என்கிறது. கேட்டே ஆக வேண்டுமென்றால் தேவையில்லாத பகுதிகளைக் கறுப்படிக்கச் சொல்லி, பார்த்து முடித்ததும் "அட்டை சரிபார்க்கப்பட்டது" என்று குறித்துவிட்டு நகலை அழிக்கச் சொல்கிறது. கலிஃபோர்னியாவில் 2025 மார்ச்சில் ஹோண்டா நிறுவனத்துக்கு 6,32,500 டாலர் அபராதம் விழுந்தது, அதன் காரணங்களில் ஒன்று, "என் தகவலை விற்காதே" என்று சொல்ல வந்தவர்களிடம்கூட அளவுக்கு மீறி விவரம் கேட்டது.

இந்தியாவில் கதை கொஞ்சம் குழப்பம். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் ஜெராக்ஸைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், எண் மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று எச்சரித்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்று அரசு இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றது. எச்சரிக்கை போனாலும் மறைத்த ஆதார் இருக்கிறது, கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும். நகல் வாங்கியே தீருவேன் என்கிறவர்கள் அதையாவது கேளுங்கள்.

எப்போது பொருந்தும்: ஆரம்பத்திலேயே அதே அட்டையைப் பார்த்து அவரைச் சேர்த்திருந்தால். வங்கி, காப்பீடு, வேலைக்குச் சேர்த்த அலுவலகம். அப்போது ஒப்பிட உங்களிடம் ஏதோ இருக்கிறது. மற்ற இடங்களில் இது ஒரு சடங்கு.

## 5. டிஜிட்டல் அடையாளம்

நகலின் போலிப் பிரச்சினைக்கு இது நல்ல மருந்து. ஆதாரின் இணையமில்லாச் சரிபார்ப்புக் கோப்பிலும், அட்டையில் இருக்கும் க்யூஆர் குறியீட்டிலும் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறது, ஃபோட்டோஷாப்பில் மாற்றினால் பிடிபட்டுவிடும், முழு எண்ணும் உங்களுக்கு வராது. டிஜிலாக்கர் வழியாகவும் ஆவணத்தை நேராகப் பெறலாம். சிங்கப்பூர் என்றால் அரசின் டிஜிட்டல் அடையாளமான சிங்பாஸ்.

ஆனால் ஒப்பிடும் பிரச்சினை அப்படியே இருக்கிறது. இவர் இந்த ஆதார்க்காரர் என்று கச்சிதமாக நிரூபணம் ஆகும், உங்கள் பட்டியலில் இருக்கிற அந்த மெயில் முகவரி இவருடையதா என்பது நிரூபணம் ஆகாது. அதற்கு மேல் செலவு: இணைத்துத் தரும் நிறுவனத்தோடு ஒப்பந்தம், ஒவ்வொரு சரிபார்ப்புக்கும் கட்டணம், முக ஒப்பீடு என்று போனால் உயிரளவைத் தகவல் வேறு மூன்றாம் கைக்குப் போகிறது. அந்த நிறுவனம் எவ்வளவு நாள் வைத்திருக்கும் என்று ஒப்பந்தத்தில் படித்தீர்களா? ஆதார் மட்டும்தான் ஏற்போம் என்று தனியார் நிறுவனம் அடம்பிடிக்கவும் முடியாது, உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் தீர்ப்பில் ஆதார் சட்டத்தின் 57ஆம் பிரிவில் தனியாருக்கு இருந்த கதவை மூடிவிட்டது. விருப்பப்பட்டவர் தரலாம், மாற்று வழியும் இருக்க வேண்டும்.

மாதம் நூற்றுக்கணக்கில் கோரிக்கை வருகிற, சட்டப்படி ஏற்கனவே கேஒய்சி செய்கிற இடத்துக்கு இது சரி. வருடத்துக்கு நாலு கோரிக்கை வருகிற இடத்துக்கு வீண் செலவு.

## 6. நேரில் வரச் சொல்வது, தபாலில் அனுப்புவது

பழைய வழி, கேலி செய்ய வேண்டாம். ஊரில் ஒரே கிளினிக், கூட்டுறவுச் சங்கம், பள்ளிக்கூடம் என்றால் ஆளைப் பார்த்தாலே தெரியும். அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பதிவேட்டில் ஒரு வரி எழுதினால் முடிந்தது. நகல் எடுக்க வேண்டாம்.

தபாலுக்கு ஒரு தனி பலம் உண்டு. பதிவில் இருக்கும் முகவரிக்கு ஒரு குறியீட்டெண் எழுதிய கடிதத்தை அனுப்பி, அதைப் போனில் சொல்லச் சொன்னால், மெயிலைத் திருடியவர் அங்கே மாட்டிக்கொள்வார். பதிவுத் தபால் 2025இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டது, பெறுநர் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லி அனுப்புங்கள், இல்லையென்றால் வீட்டில் யாராவது வாங்கிவிடுவார்கள்.

குறை என்ன? துபாயில் வேலை பார்ப்பவர் எப்படி வருவார்? அரைநாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவருக்கு யார் ஈடு கொடுப்பார்? நேரில் வருவது மட்டுமே வழி என்று வைத்தால் அது கோரிக்கைகளைக் குறைக்கச் செய்த தந்திரமாகத்தான் தெரியும், ஒழுங்குமுறை அதிகாரிக்கும் அப்படித்தான் தெரியும்.

## ஒரே பார்வையில்

| வழி | தவறான ஆள் நுழைய | சரியான ஆள் மாட்ட | புதிதாகச் சேரும் தகவல் | செலவு |
|---|---|---|---|---|
| லாகின் | குறைவு, மறு உறுதி கேட்டால் | பாஸ்வேர்டு தொலைத்தவர் | இல்லை | ஒருமுறை கட்டுவதற்கு |
| ஓடிபி, மெயில் இணைப்பு | நடுத்தரம், வீட்டு ஆள் நுழையலாம் | நம்பர் மாறியவர் | இல்லை | மிகக் குறைவு |
| விவரக் கேள்வி | அதிகம், கேள்வியைப் பொறுத்தது | மறதிக்காரர் | இல்லை | ஊழியர் பயிற்சி |
| அட்டை நகல் | அதிகம், ஒப்பிட எதுவும் இல்லையென்றால் | இனிஷியல் மாறியவர் எல்லோரும் | மிக அதிகம் | வாங்கும்போது இல்லை, கசியும்போது |
| டிஜிட்டல் அடையாளம் | குறைவு, கணக்கோடு இணைந்தால் | ஸ்மார்ட்போன் இல்லாதவர் | நடுத்தரம் | ஒப்பந்தம், கட்டணம் |
| நேரில், தபாலில் | குறைவு | தொலைவில் இருப்பவர் | இல்லை, நகல் எடுக்காவிட்டால் | நேரம் |

## சரி, நீங்கள் எதை எடுப்பது

ஆன்லைன் கடையோ ஆப்போ என்றால் முதல் வழி, அது முடியாதவருக்கு மட்டும் இரண்டும் மூன்றும் சேர்த்து. ஓடிபியோடு ஒரு கொள்முதல் கேள்வி சேர்ந்தால், அட்டை நகலைவிட அது எவ்வளவோ மேல்.

கிளினிக், பரிசோதனைக்கூடம், மனநல ஆலோசனை மையம் என்றால் நேரில், அல்லது ஓடிபியும் தபாலும். இங்கே நுழையப் பார்ப்பவர் குடும்பத்துக்குள்ளேயே இருப்பார் என்று எண்ணித்தான் முறையை அமைக்க வேண்டும். "நான் அவர் கணவர்தான்" என்பது சரிபார்ப்பு ஆகாது, அது எச்சரிக்கை மணி.

முன்னாள் ஊழியர் கேட்டால்? அலுவலக மெயில் முடக்கப்பட்டிருக்கும். வேலைக்குச் சேரும்போது கொடுத்த தனி மெயிலும், சம்பளச் சீட்டில் இருக்கிற ஏதாவது ஒரு விவரமும் போதும். அவருடைய ஆதார் நகல் ஏற்கனவே மனிதவளத் துறை கோப்பில் இருக்கும், இன்னொன்று கேட்டால் அவருக்கு எரிச்சல் வரும், நியாயமான எரிச்சல்.

செய்திமடல், கூப்பன், போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்: மெயிலுக்கு ஓர் இணைப்பு, அவ்வளவுதான்.

மகன் அப்பாவுக்காகக் கேட்கிறார், வக்கீல் கட்சிக்காரருக்காகக் கேட்கிறார் என்றால் இரண்டு பேரைச் சரிபார்க்க வேண்டும். வக்கீலின் கடிதத்தை வைத்துக்கொண்டு, அப்பாவின் நம்பருக்கோ கட்சிக்காரரின் மெயிலுக்கோ நேராக ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இறந்தவர்களுக்கும் செயலிழந்தவர்களுக்கும் இந்தியச் சட்டம் நியமனதாரர் முறையை வைத்திருக்கிறது, அந்தப் பெயரை முன்கூட்டியே வாங்கி வைக்க இப்போதே இடம் ஒதுக்குங்கள்.

எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பதும் ஆபத்தைக் குறைக்கும். இந்தியச் சட்டத்தின் 11ஆம் பிரிவு கேட்பது தரவின் சுருக்கம், அதை வைத்து என்ன செய்கிறீர்கள், யாரோடு பகிர்ந்தீர்கள் என்பவை. கலிஃபோர்னிய விதிகள் சமூகப் பாதுகாப்பு எண், வங்கிக் கணக்கு எண், பாஸ்வேர்டு போன்றவற்றைச் சரிபார்த்த பிறகும் அனுப்பக்கூடாது, இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம் என்கின்றன. "உங்கள் ஆதார் எண் எங்களிடம் இருக்கிறது, கடைசி நான்கு இலக்கம் இது" என்றால் உண்மையான ஆளுக்குப் புரியும், திருடனுக்குப் பயன்படாது. தகவல் தரும்போது ஆள்மாறாட்டம் செய்யக்கூடாது என்பதும் இந்தியச் சட்டத்தில் ஒரு கடமை, மீறினால் 10,000 ரூபாய் வரை. பாதுகாப்பு ஏற்பாட்டில் கோட்டை விட்ட நிறுவனத்துக்கு 250 கோடி வரை. பாரம் யார் தலையில் என்று இதிலேயே தெரிகிறது.

## அனுப்புகிற இடத்திலும் கவனம்

ஆளைச் சரியாகச் சரிபார்த்துவிட்டுக் கோப்பை மாற்றி அனுப்பினால்? 2018இல் ஜெர்மனியில் அமேசானிடம் தன் தரவைக் கேட்டவருக்கு, முன்பின் தெரியாத ஒருவரின் அலெக்ஸா ஒலிப்பதிவுகள் சுமார் 1,700 போய்ச் சேர்ந்தன. எனவே அனுப்பும் முன் இரண்டாவது ஆள் ஒருவர் கோப்பைத் திறந்து பார்க்கட்டும். மெயிலில் இணைக்காமல், சில நாளில் காலாவதியாகும் இணைப்பாக, பதிவில் இருக்கும் முகவரிக்கே அனுப்புங்கள். பாஸ்வேர்டை வேறு வழியில் சொல்லுங்கள், அது பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமுமாக இருக்க வேண்டாம். இறக்கிக்கொள்ளும் ஆதார் பிடிஎஃபுக்கு அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், அவரைத் தெரிந்த யாரும் திறந்துவிடலாம்.

அப்புறம் அந்த முதல் மெயில், பதிவில் இல்லாத முகவரியிலிருந்து வந்தது. அதற்கு "கிடைத்தது, சரிபார்க்கிறோம்" என்று மட்டும் பதில் போடுங்கள், இன்னார் எங்கள் வாடிக்கையாளர்தான் என்றுகூட உறுதி செய்யாதீர்கள். பதிவில் இருக்கும் நம்பருக்கும் மெயிலுக்கும் உடனே ஒரு தகவல் அனுப்புங்கள்: "உங்கள் பெயரில் இப்படி ஒரு கோரிக்கை வந்திருக்கிறது. நீங்கள்தான் என்றால் இந்த இணைப்பை அழுத்துங்கள், இல்லையென்றால் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்." என்ன கேட்டீர்கள், எந்தத் தேதியில், எந்த வழியில் சரிபார்த்தீர்கள், யார் முடிவெடுத்தார் என்று பதிவேட்டில் ஒரு வரி. ஒரு மாதக் கெடு ஓடிக்கொண்டிருப்பதால், கூடுதல் விவரம் தேவைப்பட்டால் முதல் இரண்டு மூன்று நாளுக்குள்ளேயே கேட்டுவிடுங்கள், இருபத்தெட்டாம் நாள் கேட்டால் எந்த அதிகாரியும் அதைச் சந்தேகம் என்று ஏற்கமாட்டார்.